வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கதவடியில் நிற்பவர்களுக்கு

ஸ்காபரோவில் பிரிந்துபோன வீடுகளின் அம்மம்மா, அப்பம்மா, தாத்தா, மாமா, சித்திமார் அனைவருக்கும்,

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணி. மார்க்கம் வீதியோரம் ஒரு டிம் ஹோர்ட்டன்ஸ் வாகனத் தரிப்பிடம். காருக்குள் ஒரு தகப்பன். பின்னால் பிள்ளையின் இருக்கை வெறுமையாகக் கிடக்கிறது. ஆறேகாலுக்குக் குறுஞ்செய்தி வருகிறது: பிள்ளைக்குக் காய்ச்சல், இந்தக் கிழமை வேண்டாம். போன முறை மச்சாளின் பிறந்தநாள். அதற்கு முந்திய முறை நடன வகுப்பு. இன்னொரு வீட்டில் இதே கதை மறுவளமாக நடக்கும். ஞாயிறு மாலை தாய் யன்னலடியில் நிற்பாள்; அப்பம்மா வீட்டுக்குப் போன பிள்ளை திரும்பியிருக்காது.

குறுஞ்செய்தியைத் தட்டும் விரல் தாயுடையதாகவோ தகப்பனுடையதாகவோ இருக்கலாம். யோசனை பெரும்பாலும் அடுப்படியிலிருந்து வருகிறது. “அவன் காசு ஒழுங்காக் கட்டுறேல்லை, பிள்ளையைக் காட்டாதை.” “பன்ரண்டு வயசு வந்தால் பிள்ளை சொல்லுறதுதான் சட்டம்.” “கோர்ட்ஸ் என்ன, உன்னை மறியலிலையே போடப்போகுது?” ஸ்காபரோவின் தமிழ் வீடுகளில் தேத்தண்ணியோடு சேர்த்துப் பரிமாறப்படும் இந்த மூன்று வாசகங்களுக்காகவே இந்த மடல். பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கச் சட்டத்தரணி இருக்கிறார். உங்களுக்கு ஒருவரும் சொல்வதில்லை.

முதலில் ஒரு சொல். ‘பிள்ளை ஆருக்கு?’ என்ற கேள்வி ஊரிலிருந்து வந்தது. இலங்கையின் ரோமன் டச்சுச் சட்டம் தகப்பனையே பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலராகக் கொண்டு அவருக்கு முன்னுரிமை கொடுத்தது. பெரியவர்கள் பலருடைய மனதில் அந்தச் சட்டம் இன்னும் விமானம் ஏறாமல் நிற்கிறது. ஒன்ராறியோவில் தாய்க்கும் தகப்பனுக்கும் தொடக்கத்திலேயே சம உரித்து. 2021 மார்ச் 1ஆம் திகதியிலிருந்து கனடாவின் விவாகரத்துச் சட்டத்திலும் ஒன்ராறியோவின் சிறுவர் சட்டத்திலும் பெற்றோருக்கிடையே கட்டுக்காப்பு, சந்திப்புரிமை என்ற பழைய பேச்சு இல்லை. தீர்மானமெடுக்கும் பொறுப்பு, பெற்றோர் நேரம் என்று எழுதுகிறார்கள். பிள்ளையை வென்றவர், தோற்றவர் என்ற நினைப்பைச் சட்டம் தன் அகராதியிலிருந்தே எடுத்துவிட்டது. அடுப்படி இன்னும் எடுக்கவில்லை.

நீதிபதி கையெழுத்திட்ட கட்டளையில் ‘ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி’ என்று இருந்தால் அது ஆலோசனை அல்ல. விவாகரத்துச் சட்டத்தின் கீழ் ஒரு கட்டளை வந்துவிட்டால், அது நடைமுறையில் இருக்கும்வரை கீழ்ப்படிந்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டமே இப்போது வெளிப்படையாகச் சொல்கிறது. கட்டளை பிழையாகத் தோன்றினாலும் அப்படித்தான். பிழையான கட்டளையை மாற்ற வழி இருக்கிறது: இறுதிக் கட்டளையென்றால் படிவம் 15, இடைக்காலக் கட்டளையென்றால் ஒரு மனு. அடுப்படிக்கு அந்த அதிகாரம் இல்லை.

இனி மறியல் கேள்வி. நேர்மையாகச் சொன்னால், போடலாம். ஆனால் இலேசில் போடமாட்டார்கள். ஒன்ராறியோ நீதிமன்றம் பெற்றோர் நேரக் கட்டளையை வேண்டுமென்றே மீறியவருக்கு 5,000 டொலர் வரை தண்டமும் 90 நாள் வரை சிறையும் விதிக்கலாம். சிறையைச் சனி ஞாயிறுகளில் மட்டும் விட்டுவிட்டு அனுபவிக்கவும் உத்தரவிடலாம். வேலையைக் காப்பாற்ற அது ஒரு சலுகை. விவாகரத்து வழக்குகள் போகும் மேல் நீதிமன்றத்துக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. அங்கே குடும்பச் சட்ட விதி 31 சிறை, தண்டம், வழக்குச் செலவு என்று வரிசைப்படுத்திவிட்டு, நீதிபதிக்குப் பொருத்தமாகப்படும் வேறெதையும் செய்யச் சொல்லலாம் என்றும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

ஆனால் இந்தத் தண்டனையைக் கேட்டு நீதிமன்ற அவமதிப்பு மனுவைப் போடுகிறவருக்கும் ஏற்றமான பாதைதான். படிவம் 31ஐ எதிராளியின் கையிலேயே கொடுக்க வேண்டும். சத்தியக் கடதாசியில் தான் கண்டதையே எழுத வேண்டும். ‘அக்கா சொன்னா’, ‘பக்கத்து வீட்டு ஆச்சி கண்டவ’ போன்றவை சர்ச்சைக்குரிய விடயத்தில் எடுபடாது. குற்ற வழக்கைப் போல நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். எதை நிரூபிப்பது என்பதைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2015இல் ஒரு பண வழக்கில் தெளிவாக்கியது. கட்டளை சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெளிவாக இருந்ததா, அது அவருக்குத் தெரியுமா, அவர் அந்தச் செயலை வேண்டுமென்று செய்தாரா என்பவையே மூன்று கேள்விகள். அந்த வழக்கில் மாட்டிக்கொண்டவர் ஒரு சட்டத்தரணி. சொத்து முடக்க உத்தரவு இருந்தும் கட்சிக்காரரின் பணத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நீதிமன்றத்தை அவமதிக்கும் எண்ணம் தனக்கில்லை என்று அவர் சொன்னதை நீதிமன்றம் கேட்டுக்கொண்டது, ஏற்றுக்கொள்ளவில்லை. கீழ்ப்படியாத எண்ணம் தேவையில்லை, செய்த செயலே போதும் என்பது தீர்ப்பு. பிள்ளை வழக்கிலும் இதே அளவுகோல்தான். “நான் கோர்ட்ஸை மதிக்கிற ஆள், பிள்ளையின்ரை நன்மைக்குத்தான் மறிச்சனான்” என்பது விடுதலைச் சீட்டல்ல.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்து இருக்க வேண்டும். கட்டளையில் உங்கள் பெயர் இல்லை, ஆகவே உங்களுக்கு ஒன்றுமில்லை என்பது உங்கள் எண்ணம். 1990களில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிளேயகுவாட் சவுண்ட் காட்டில் மரம் வெட்டுவதைத் தடுக்க நீதிமன்றத் தடையையும் மீறி மக்கள் பாதையில் அமர்ந்தார்கள். தடையுத்தரவு தங்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதித்தார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது: வழக்கில் தரப்பாக இல்லாதவரும், உத்தரவு இருப்பதை அறிந்துகொண்டு அதைக் குலைத்தால் அவமதிப்புக்கு ஆளாகலாம். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வாசலில் நின்றுகொண்டு “பிள்ளை நித்திரை” என்று கதவைச் சாத்தும் அம்மம்மாவை ஒரு நீதிபதி மறியலுக்கு அனுப்புவார் என்று மிரட்ட இந்த மடல் எழுதப்படவில்லை; அது மிக அரிது. ஆனால் அந்தச் சாத்தல் அடுத்த மாதம் எதிர்த்தரப்பின் சத்தியக் கடதாசியில் ஒரு பந்தியாக வரும். அந்தப் பந்தி உங்கள் மகளுக்கு எதிரானது.

அடுத்தது பன்னிரண்டு வயது. எந்த ஊர் வழக்கறிஞர் சொன்னாரோ தெரியாது, எல்லாச் சனமும் இதை நம்புகிறது. ஒன்ராறியோவில் அப்படி ஒரு வயதெல்லை எந்தச் சட்டத்திலும் இல்லை. பிள்ளையின் விருப்பத்தை அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப நீதிபதி நிறுத்துப் பார்ப்பார். தேவையென்றால் சிறுவர் சட்டத்தரணி அலுவலகத்தின் மூலம் பிள்ளையின் குரலைக் கேட்டு அறிக்கை தரச் சொல்வார். 2015இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் மகளுக்குச் சரியாகப் பன்னிரண்டு வயது. தகப்பனிடம் போவதா இல்லையா என்பதைத் தாய் மகளிடமே விட்டுவிட்டார். ‘நான் போகச் சொன்னேன், அவள் மாட்டன் என்கிறாள்’ என்பதே தாயின் வாதம். அவமதிப்புத் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

நீதிபதிகள் அடுக்கிய கேள்விகள் எந்த வீட்டிலும் கேட்கக்கூடியவை. ஏன் போக விருப்பமில்லை என்று பிள்ளையோடு இருந்து கதைத்தீர்களா? மற்றப் பெற்றோரோடு அதைப் பற்றிப் பேசினீர்களா? போனால் ஏதும் சந்தோசம் கிடைக்கும் என்று ஆசைகாட்டினீர்களா? போகாவிட்டால் என்ன ஆகும் என்று கண்டித்துச் சொன்னீர்களா? பள்ளிக்கூடம் போகமாட்டன் என்று பிள்ளை அழுதால் இதெல்லாம் செய்யாத தாய் ஸ்காபரோவில் உண்டா? கணக்குப் பாடத்துக்கு அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் ரியூசனில் விடும் சமூகம் இது. தகப்பன் வீட்டுக்கு மட்டும் பிள்ளையின் ஜனநாயகம் திடீரென்று விழித்துக்கொள்கிறது.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் பரதநாட்டியமும் இதே வகை. தகப்பனின் கிழமையைப் பார்த்துப் பார்த்து வகுப்பு போடுவதை நீதிபதிகள் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

அதேவேளை, அவமதிப்புத்தான் முதல் ஆயுதம் என்று எதிர்ப்பக்கத்து மாமாமார் நினைத்தால் அதுவும் பிழை. 2019இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், குடும்ப வழக்குகளில் அவமதிப்பு கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்றது. கட்டளை மீறப்பட்டது என்ற எளிய அறிவிப்பே சிலவேளை போதும். பிள்ளையின் நலன்தான் எப்போதும் முன்னுக்கு நிற்க வேண்டும் என்றது. தாயை மறியலுக்கு அனுப்பினால் அழுவது அந்தப் பிள்ளைதானே. பொலிஸும் அப்படியே. பொலிஸின் 42ஆம் பிரிவு நிலையத்துக்குக் கட்டளையைக் கொண்டு ஓடினால், பொலிஸ் நடைமுறைப்படுத்தும் வாசகம் அதில் இல்லாதபோது, ‘நீதிமன்றத்துக்குப் போங்கள்’ என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஹமில்ட்டன் நீதிபதி அலெக்ஸ் பசராட்ஸ் 2014இல் ஒரு தீர்ப்பில், சீருடைக்காரர் வந்து பிள்ளையை வாசலில் வைத்துக் கூட்டிப்போவது பிள்ளையின் மனதில் என்ன செய்யும் என்று விரிவாக எழுதி, அந்த வாசகத்தை இலேசாகக் கொடுக்கக் கூடாது என்றார்.

அதே நீதிபதி 2020 மார்ச் 24இல் இன்னொன்றும் எழுதினார். கொரோனா ஊரடங்கு தொடங்கிச் சில நாள்களே ஆகியிருந்தன. தகப்பனின் வார இறுதிகளை நிறுத்தவேண்டும் என்று ஒரு தாய் அவசரமாக வந்தார். உலகமே கதவடைத்திருந்த அந்தக் கிழமையிலும், கட்டளைகள் அப்படியே தொடரும் என்பதுதான் தொடக்கப் புள்ளி, குறிப்பான ஆபத்து இருந்தால் ஆதாரத்தோடு வாருங்கள் என்றார் அவர். உலகப் பெருந்தொற்றே காரணமாகாதபோது மச்சாளின் பிறந்தநாள் எம்மாத்திரம்.

சிறையும் தண்டமும் அரிது என்றால் மீறுபவர் உண்மையில் எதை இழக்கிறார்? பிள்ளையை. விவாகரத்துச் சட்டம் பிள்ளையின் நலனை எடைபோடும்போது பார்க்கச் சொல்லும் விடயங்களில் ஒன்று, மற்றப் பெற்றோரோடு பிள்ளைக்கு உள்ள உறவை வளர்க்க இவர் எவ்வளவு தயாராக இருக்கிறார் என்பது. மூன்று வருடம் வெள்ளிக்கிழமைகளைத் தின்றவர் அந்த வரியில் தோற்கிறார். பிள்ளையின் மனதைத் தகப்பனுக்கு எதிராகவோ தாய்க்கு எதிராகவோ திருப்பியவரிடமிருந்து பிள்ளையை எடுத்து மற்றவரிடம் கொடுத்த தீர்ப்புகளை மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்திருக்கிறது. மீறுபவருடைய வேறு மனுக்களைக் கேட்க மறுக்கவும், அவர் போட்ட ஆவணங்களை நீக்கவும், மற்றவரின் சட்டத்தரணிச் செலவைக் கட்டச் சொல்லவும் விதிகளில் இடமுண்டு. ரொறன்ரோச் சட்டத்தரணி ஒருவரின் மணிக்கட்டணத்தை விசாரித்துப் பார்த்தால் அந்தக் கடைசி வாசகத்தின் கனம் விளங்கும்.

“காசு கட்டாதவனுக்கு ஏன் பிள்ளையைக் காட்ட வேணும்?” இது நியாயமான கோபம். ஆனால் சட்டத்தில் இரண்டும் இரண்டு கயிறு. தாபரிப்புப் பணம் பிள்ளையின் உரிமை, நேரமும் பிள்ளையின் உரிமை. ஒன்றை ஈடுவைத்து மற்றதை மீட்க முடியாது. பிள்ளையைக் காட்டவில்லை என்று காசை நிறுத்தும் தகப்பனுக்கும் இதே பதில்தான். காசுக்கு ஒன்ராறியோவில் குடும்பப் பொறுப்பு அலுவலகம் இருக்கிறது: சம்பளத்திலிருந்து வெட்டும், வங்கிக் கணக்கை முடக்கும், சாரதி அனுமதிப்பத்திரத்தை நிறுத்திவைக்கும், நீதிமன்றம் மூலம் 180 நாள் வரை சிறைக்கும் அனுப்பவைக்கும். தவறவிட்ட வெள்ளிக்கிழமைகளை வசூலிக்க மட்டும் அப்படி ஓர் அலுவலகம் இல்லை. அதற்குத் தகப்பன் தானே காசு செலவழித்து நீதிபதியிடம் போக வேண்டும். ஒன்ராறியோ ஏன் டொலருக்கு ஓர் இலாகாவைக் கட்டிவிட்டு நேரத்துக்கு ஒன்றையும் கட்டவில்லை என்பது அடுத்த தேர்தலில் கதவு தட்டும் வேட்பாளரிடம் கேட்கவேண்டிய கேள்வி. அதுவும் இலேசான கேள்வி அல்ல. ஏன் என்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது.

கீரா ககன். நான்கு வயது. 2020 பெப்ரவரியில் மில்ட்டன் அருகே ஒரு செங்குத்துப் பாறையின் அடியில் தகப்பனோடு இறந்து கிடந்தாள். தகப்பனின் நேரத்தை நிறுத்தவோ கண்காணிப்பில் வைக்கவோ கேட்டுத் தாய் அதற்கு முன்பே நீதிமன்றத்துக்கு ஓடியிருந்தார். அந்த மரணத்தின் பின்விளைவாக 2023 ஏப்ரலில் நிறைவேறிய சட்டம், குடும்ப வன்முறை பற்றியும் ஆளை அடக்கியாளும் நடத்தை பற்றியும் நீதிபதிகளுக்குப் பயிற்சி கொடுக்க வழிசெய்கிறது. கீராவின் சட்டம் என்றே அதைச் சொல்கிறார்கள். ஆகவே பயத்தால் பிள்ளையை மறிக்கும் ஒவ்வொரு தாயையும் பிடிவாதக்காரி என்று சொல்லிவிட முடியாது. அடித்த கணவனிடம் பிள்ளையை அனுப்ப நடுங்கும் மகளுக்கு “கோர்ட்ஸ் சொன்னால் அனுப்பு” என்று மட்டும் சொல்லும் தாயும் நல்ல ஆலோசகர் அல்ல. அவளுக்கு வேண்டியது அன்றே ஒரு சட்டத்தரணி, அந்தக் கிழமையே ஓர் அவசர மனு, கண்காணிப்போடு பிள்ளையைச் சந்திக்கும் நிலையம் ஒன்றைக் கேட்கும் வேண்டுகோள். வன்முறைக்கு ஆளானவர்களுக்கு ஒன்ராறியோ சட்ட உதவி தொடக்க ஆலோசனையை இலவசமாகவே தருகிறது. சும்மா கதவைச் சாத்திவிட்டு இருந்தால், உண்மையான பயம்கூட நீதிமன்றத்தில் பொய்க்காய்ச்சலைப் போலத் தோன்றிவிடும். அவசரம் என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் மனுப் போடாதவரிடம் எந்த நீதிபதியும் முதலில் கேட்பது ‘ஏன் வரவில்லை?’ என்பதுதான்.

விமானச்சீட்டு யோசனை இன்னும் மோசம். ‘கொஞ்ச நாளைக்குச் சென்னையில் கொண்டுபோய் விடு, எல்லாம் அடங்கட்டும்’ என்று சொல்லும் சித்தப்பாமார் இருக்கிறார்கள். கட்டளையை மீறி, மற்றவருக்குப் பிள்ளை கிடைக்காமல் செய்யும் நோக்கத்தோடு, 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கொண்டுபோவது கனடாவின் குற்றவியல் சட்டக்கோவையின் 282ஆம் பிரிவில் வருகிறது. உச்சத் தண்டனை பத்து வருடம். இந்தியா சிறுவர் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேரவில்லை, இலங்கை 2001இல் சேர்ந்தது. சேராத நாடுகள் சொர்க்கம் என்று எண்ணுகிறவர்கள் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒரு வழக்கைப் பார்க்கலாம். 2020இல் கென்யாவில் வாழும் தகப்பனிடம் மகனைக் கொடுக்க நீதிமன்றம் சம்மதித்தது, தாய் பிள்ளையோடு பேசவும் பார்க்கவும் வேண்டும் என்ற உறுதிமொழிகளோடு. பிள்ளை கைக்கு வந்ததும் உறுதிமொழிகள் காற்றில் போயின. 2021இல் நீதிமன்றம் தன் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. 2022இல் தகப்பனை அவமதிப்புக் குற்றவாளி என்றது. தாய்க்கு அந்தத் தீர்ப்புத் தாள்கள் கிடைத்தன. பிள்ளை நாட்டிலேயே இல்லை. எதிர்த்திசையில், துபாயிலிருந்து பிள்ளைகளோடு ஒன்ராறியோவுக்கு வந்து திரும்ப மறுத்த ஒரு தாயின் வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 டிசம்பரில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் பிள்ளைகள் திரும்பவேண்டும் என்றானது. ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் விடை வேறு.

உங்களுக்கென்றே ஒரு செய்தியும் இருக்கிறது. 2016இல் ஒன்ராறியோ தன் சட்டத்தைத் திருத்திப் பேரன் பேத்தியைப் பார்க்கப் பாட்டன் பாட்டிமார் விண்ணப்பிக்கலாம் என்று பெயர் சொல்லியே எழுதியது. விண்ணப்பிக்கலாம் என்பதற்காகக் கிடைத்துவிடும் என்று பொருளல்ல. பெற்றோரின் முடிவுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இலேயே சொல்லிவிட்டது. ஏற்கெனவே நல்ல உறவு இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. அதாவது இன்று அம்மம்மா மறிக்கும் வெள்ளிக்கிழமைகளில் தகப்பனை மட்டுமல்ல, பேரப்பிள்ளையின் முகம் காணாத அப்பம்மாவின் எதிர்கால வழக்கையும் சேர்த்தே மறிக்கிறார். அடுத்த வருடம் காற்று மாறினால் அதே வாள் இந்தப் பக்கம் திரும்பும்.

இனி இந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். பிள்ளைக்கு மெய்யாகவே காய்ச்சல் என்றால் ஆறேகால் வரை காத்திருக்காமல் மத்தியானமே எழுதச் சொல்லுங்கள். வெப்பமானியைப் படமெடுத்து அனுப்பலாம், அல்லது மருத்துவரின் துண்டு. அதே செய்தியில் ஈடுகட்டும் நாளையும் சொல்ல வேண்டும்: ‘வருகிற வெள்ளி எடுங்கள்.’ கைமாற்றும்போது நீங்கள் வாசலில் நிற்கத்தான் வேண்டும் என்றால் பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் பேசியதெல்லாம் கைத்தொலைபேசியில் பதிவாகும் காலம் இது.

ஸ்காபரோவுக்குள் குடும்ப நீதிமன்றம் இல்லை. கட்டளை எழுதப்படும் அறைக்குப் போக ஸ்காபரோவின் பழைய ரயிலும் இப்போது இல்லை, கென்னடிக்குப் பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். அந்தப் பயணத்தில் உங்கள் மகளோடோ மகனோடோ நீங்களும் போனால், செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. ‘நியாயமான நேரம்’ என்று வழவழவென்று எழுதிய கட்டளையைப் பின்னர் எவராலும் நடைமுறைப்படுத்த முடியாது; அவமதிப்புக்கு முதலில் தெளிவு வேண்டுமே. வரைவில் கிறிஸ்மஸும் மார்ச் விடுமுறையும் தானாகவே இருக்கும். தைப்பொங்கல் இருக்காது. அது பெரும்பாலும் பள்ளிக்கூட நாளில் வரும், காலையில் பொங்கி முடித்து எட்டரைக்குப் பிள்ளையை இறக்க வேண்டும். ஒற்றை வருடம் தாயிடம், இரட்டை வருடம் தகப்பனிடம், முந்திய நாள் இரவு ஏழு மணியிலிருந்து என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் அப்படியே.